பிபிஎஃப் ஒட்டின கார்கள்: கிட்டப்போய்ப் பார்த்ததில கண்ட குறைகளும் காரணங்களும்

கொக்குவிலில் இருந்து

பிபிஎஃப் எண்டால் காரின்ர பெயின்ற்றைக் காக்க மேல ஒட்டுற தெளிவான ஃபிலிம். எங்கட யாழ்ப்பாணத்தில அதை ஒட்டி முடிச்ச கார்களில அவரவர் ஊரில கண்ணுக்குப் பட்டதை இதில எழுதுவம். கடைப் பெயர் வேண்டாம். என்ன கார், என்ன நிறம், எந்த இடத்தில என்ன பிழை, அது ஏன் வந்தது எண்டு எழுதினாக் காணும்.

முதல் கார், பேர்ல் வெள்ளை அக்குவா. பொனற், முன் பம்பர், மட்கார்ட் ரெண்டு, பக்கக் கண்ணாடி ரெண்டு மட்டும் ஒட்டினது. எட்டடி தள்ளி நிண்டு பார்க்க ஒரு குறையும் இல்லை. குனிஞ்சு ஃபோன் ரோச்சை பொனற்றோட சரிச்சுப் பிடிக்கேக்கதான் முன் ஓரத்தில இருந்து ஒரு சாண் உள்ளுக்கு அரைவட்டமாய் ஒரு கோடு தெரிஞ்சுது. விரலால தடவினாத் தட்டுப்படாது. அது பசைக் கோடு. ஒட்டினதைச் சரியில்லை எண்டு பாதி உரிச்சு, இடையில நிப்பாட்டி, பேந்து திருப்பி ஒட்டினா, உரிப்பு நிண்ட இடத்தில பசை குவிஞ்சு இப்பிடிக் கோடு விழும். தூக்கத்தான் வேணும் எண்டால், பசைப் பக்கத்துக்கு நல்லாய்த் தண்ணி அடிச்சு, நிப்பாட்டாமல் ஒரே இழுவையில தூக்கோணும். மெல்லிய கோடு வெயிலில கிடந்து கிடந்து சில கிழமையில மங்கும். விளிம்பு தெரியிற தடிச்ச கோடு போகாது. அந்தத் துண்டை மாத்தத்தான் வேணும்.

பொருளைப் பற்றி ரெண்டு வரி. நல்ல ஃபிலிம் எண்டால் ரிபியு, அதாவது தேர்மோபிளாஸ்ரிக் பொலியூரித்தேன். மொத்தத் தடிப்பு 150 முதல் 200 மைக்ரோன். மேல கீறலை ஆத்துற மெல்லிய படை, நடுவில தடிச்ச பொலியூரித்தேன், கீழ பசை. பெயின்ற்றுக்கு மேல திரவமாய்ப் பூசுற கிளாஸ் கோட்டிங்கும் இதுவும் வேற வேற. கோட்டிங் கல்லடியைத் தாங்காது. ஏ9 வீதியில முன்னுக்குப் போற ரிப்பர் லொறி எத்துற கல்லுக்கு நிக்கிறது ஃபிலிம்தான்.

சுன்னாகத்தில் இருந்து

எங்கட பக்கத்தில ஃபிலிமைக் கெடுக்கிறது முதலில தண்ணி, அடுத்தது புழுதி. பிராண்ட் எல்லாம் அதுக்குப் பிறகுதான்.

கடும் நீல நிறத்தில ஒரு விற்ஸ். ஒட்டி ஒரு மாதம். பொனற்றில பால் சிந்தித் துடைச்ச மாதிரி மங்கல். மேல எவ்வளவு துடைச்சாலும் போகேல்லை, ஏனெண்டால் அது கிடந்தது ஃபிலிமுக்குக் கீழ. வலிகாமத்துக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ள ஊறி வாற வன்னீர். கேத்திலுக்குள்ள வெள்ளையாய்ப் படை பிடிக்குதே, அதே சாமான். ஒட்டேக்க கீழ நிண்ட ஈரம் நாள்ப்போக்கில காய்ஞ்சு வெளியில போயிடும், சுண்ணாம்பு போகாது. வன்னீரில சவர்க்காரம் சேர்ந்தால் திரையும் கட்டும். வெள்ளைக் காரில இது மறைஞ்சு கிடக்கும், நீலத்திலயும் கறுப்பிலயும் ஒளிக்கேலாது.

அதால ஒட்டுற தண்ணிக்குக் கிணறும் வேண்டாம், ராங்கியும் வேண்டாம். ஆர்ஓ தண்ணிக் கான் எடுக்கோணும், இல்லாட்டி பற்றறிக்கு விடுற டிஸ்டில்ட் வோட்டர். முழுக் காருக்கு 20 லீற்றர் கான் ஒண்டு கைவசம் இருக்கோணும். வழுக்குத் தண்ணிக்கு 1 லீற்றருக்குப் பிள்ளையளின்ர ஷாம்பு 4, 5 துளி. கண்டிஷனர் கலந்த ஷாம்பு கூடாது. ரெண்டு விரலை நனைச்சு உரசினா வழுக்கோணும், போத்தலுக்குள்ள நுரை கட்டி நிக்கக்கூடாது. நுரை கூடினா ஃபிலிம் நல்லாய் ஓடும், ஆனால் பசை பிடிக்காது, ரெண்டாம் நாள் ஓரம் எழும்பும். ஓரங்களுக்கும் வளைவுகளுக்கும் வேற போத்தல்: ஐசோப்புரொப்பைல் அற்ககோல் 1 பங்கு, தண்ணி 4 முதல் 9 பங்கு. அது வழுக்கலைக் கழுவிப் பசையைப் பிடிக்க வைக்கும். ரெண்டு போத்தலும் ஒரே நிறத்தில இருந்தா மாறி அடிபடும், எழுதி ஒட்டி வையுங்கோ.

புழுதிக்கு வருவம். சோளகம் வீசுற மாதங்களில செம்பாட்டு மண் மாவாய் எழும்பி, பூட்டின கராஜுக்குள்ளயும் வந்து படியும். ஃபிலிமின்ர பின் தாளை உரிக்கேக்க நிலைமின் உண்டாகும், அது சுத்திவரக் கிடக்கிற தூசியை எல்லாம் இழுத்தெடுக்கும். அதால நிலத்தை நல்லாய் நனைச்சு, விசிறியை நிப்பாட்டி, உரிக்கேக்கயே ஒராள் பின்னால பசைப் பக்கத்துக்குத் தண்ணி அடிச்சுக்கொண்டு வரோணும். கையையும் நனைக்கோணும். நூல் கழருற பருத்தித் துவாயை அந்தப் பக்கம் கொண்டு வரக்கூடாது.

தூசி பட்டால் எப்பிடித் தெரியும்? ஊசித் தலை அளவில ஒரு புடைப்பு, நடுவில புள்ளி, சுத்திவர ஒரு ஒளிவட்டம். அண்டைக்கே கண்டால் அந்த ஓரத்தில இருந்து தூக்கித் தண்ணியால அலசி எடுக்கலாம். பசை பிடிச்ச பிறகு தோண்டப் போனால் புள்ளி போய் ஓட்டை வரும். ஒரு பொனற்றில ரெண்டு மூண்டு புள்ளி எந்த நல்ல வேலையிலயும் வரும். கை நீட்டுற தூரத்தில தெரியாட்டி விடுங்கோ. பத்துக்கு மேல எண்ணுப்பட்டால் கழுவின விதமே பிழை.

நெல்லியடியில் இருந்து

கறுப்பு வெசல் கார். முறைப்பாடு, “தோடம்பழத் தோல் மாதிரிக் கிடக்கு.” இதுக்குச் சண்டை பிடிக்க முந்தி ஒண்டு செய்து பாருங்கோ. ரியூப் லைற்றுக்குக் கீழ காரை விட்டு, ஃபிலிம் ஒட்டாத கூரையில லைற்றின்ர விம்பத்தைப் பாருங்கோ. பேந்து பொனற்றில பாருங்கோ. கூரையிலயும் விம்பத்தின்ர ஓரம் நெளிஞ்சிருந்தால் அது பெயின்ற்றின்ர குணம், ஃபிலிம் அதைத்தான் அப்பிடியே காட்டுது. கூரையில நேர்க்கோடாய் இருந்து பொனற்றில நெளிஞ்சால் ஃபிலிம்தான் காரணம். கொஞ்ச நெளிவு எல்லா ஃபிலிமிலயும் இருக்கும், முதல் சில கிழமையில ஈரம் போய்ப் படியப் படியக் குறையும். அந்த வெசலில குறையேல்லை. தண்ணியைத் தள்ளுற ஸ்குவீஜிப் பட்டையால ஒரு இழுவைக்கும் அடுத்த இழுவைக்கும் இடையில தண்ணியை விட்டிருந்தினம். ஒவ்வொரு இழுவையும் முந்தின இழுவையின்ர பாதிக்கு மேலால போகோணும், நடுவில இருந்து வெளிப்பக்கம், ஒரே அழுத்தத்தில.

அதே காரில இன்னொண்டு. பொனற்றில சிலந்தி வலை மாதிரி வட்டக் கீறல், ஃபிலிமுக்குக் கீழ. கீறல் போகத் தேய்ச்சு மினுக்கிற கட் அன்ட் பொலிஷ் அடிக்காமல் ஒட்டினது. ஃபிலிம் கீறலை மூடாது, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்ச மாதிரி அப்பிடியே பூட்டி வைக்கும். கழுவி, இரும்புத் துகள் போக்கி அடிச்சு, களிக்கட்டியால உருட்டி, பொலிஷ் அடிச்சு, கடைசியில அற்ககோலால எண்ணெய் போகத் துடைச்சுப் போட்டுத்தான் ஃபிலிமைக் கையில எடுக்கோணும். நல்ல வேலையில இதுக்கும் கனக்க நேரம் போகும்.

பம்பர் மூலை பற்றியும் சொல்லோணும். அதில வெள்ளை நூல் மாதிரி வரிகள் கண்டால் ஃபிலிமை அளவுக்கு மிஞ்சி இழுத்திருக்கினம். இழுத்த ஃபிலிம் பழைய அளவுக்குத் திரும்பத்தான் பார்க்கும். ரெண்டு நாள் வெயில் பட்டால் மூலையில வாய் திறக்கும். ஒரு மூலையை மட்டும் பிடிச்சு இழுக்காமல், நடுவில நிலைநிறுத்தி, ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுவையை முழுப் பம்பருக்கும் பரப்போணும். சூட்டுக் காத்து அடிக்கிற ஹீற் கன்னை 15, 20 சென்ரிமீற்றர் தள்ளி, ஆட்டிக்கொண்டே பிடிக்கோணும். ஒரு இடத்தில நிண்டால் அந்த இடம் வேற மினுக்கமாய் உருகித் தெரியும்.

குருநகரில் இருந்து

வேலை எப்பிடி எண்டு ஓரத்தைப் பார்த்தே சொல்லலாம். நடுப் பொனற்றை ஆரும் வடிவாய் ஒட்டுவினம்.

மெசினில வெட்டி வாற துண்டு பெயின்ற் ஓரத்தில இருந்து 1, 2 மில்லிமீற்றர் உள்ளுக்கு நிக்கும். வெள்ளைக் காரில ஆறு மாதத்துக்குள்ள அந்த ஓரத்தில அழுக்குச் சேர்ந்து பென்சிலால கீறின மாதிரிக் கறுப்புக் கோடு வரும். கழுவேக்க மெல்லிய பல் தூரிகையால ஓரத்தோட சேர்த்துத் தேய்ச்சால் வராது. ஓரத்தை 5 முதல் 10 மில்லிமீற்றர் உள்ளுக்கு மடிச்சு ஒட்டினா கோடே தெரியாது. ஆனால் மடியிற இடத்தில மெழுகும் மண்ணும் கிடந்தால் அங்கதான் முதலில கழரும். பொனற்றைத் திறந்து அடி விளிம்பைத் தடவிப் பாருங்கோ. அங்க துடைக்காமல் மடிச்சிருந்தால் விரலிலயே தெரிஞ்சிடும். வெட்டின மூலை கூராய் இருக்காமல் வளைவாய் இருக்கோணும்.

ரோலில இருந்து எடுத்துக் காருக்கு மேல வைச்சுக் கத்தியால வெட்டுறதுதான் எனக்குப் பெரிய பயம். பெயின்ற்றின்ர மேல் தெளிவுப் படையான கிளியர் கோட் 40, 50 மைக்ரோன்தான், ஏ4 தாளின்ர பாதித் தடிப்பு. ஃபிலிமை அறுக்கிற பிளேட் அதையும் அறுக்க ஒரு நொடி கை அழுந்தினாக் காணும். அப்ப தெரியாது. சில வருசத்தால ஃபிலிமை உரிக்கேக்க பனல் ஓரம் முழுக்க ஒரு கோடு கிடக்கும். தகடு வரைக்கும் போயிருந்தால், கடற்கரையில உப்புக் காத்துக்கு அந்தக் கோட்டில இருந்து துரு கிளம்பும். நூல் வைச்ச ரேப்பை முதலில ஒட்டி, மேல ஃபிலிமை விரிச்சு, அந்த நூலை இழுத்து வெட்டுற முறை இருக்கு. காரை விட முந்தி “கத்தியோ, நூலோ, மெசினோ?” எண்டு கேளுங்கோ.

மானிப்பாயில் இருந்து ஒரு கேள்வி

2014 வகன் ஆர். பொனற்றுக்கு நெளிவெடுத்து ரிங்கரிங் செய்து பெயின்ற் அடிச்சு ரெண்டு கிழமை. இப்ப ஒட்டலாமோ அண்ணை?

குருநகரில் இருந்து

இப்ப வேண்டாம் தம்பி. புதுப் பெயின்ற்றுக்குள்ள கரைப்பான் இன்னும் ஆவியாய் வந்துகொண்டிருக்கும். மூடினால் அடியில குமிழி வரும், பெயின்ற்றும் இறுகாது. குறைஞ்சது 30 நாள் விடோணும். சூட்டறை இல்லாத இடத்தில அடிச்சதெண்டால் 60 நாள் விட்டால் நிம்மதி.

இதில இன்னொரு சிக்கலும் இருக்கு. 2020 இல இலங்கைக்கு வாகன இறக்குமதி நிண்டு 2025 இலதான் தனியார் வாகனத்துக்குத் திரும்பத் திறந்தது. அதால ஓடுற காரில கனக்கப் பழசு, எங்கயாவது ஒரு பனல் திரும்பப் பெயின்ற் அடிச்சது. கொம்பனிப் பெயின்ற் ஃபிலிமை உரிக்கேக்க நிக்கும். பட்டி பூசி அடிச்ச பெயின்ற் சிலவேளை ஃபிலிமோட சேர்ந்து உரிஞ்சு வரும். தடிப்பு மீற்றர் வைச்சுப் பாருங்கோ. கொம்பனிப் பெயின்ற் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரோனுக்குள்ள காட்டும். 250க்கு மேல எண்டால் திரும்ப அடிச்சது எண்டு எடுங்கோ. மறைவான ஓரத்தில நல்ல ஒட்டுற ரேப் ஒண்டை அழுத்தி ஒட்டிச் சடாரெண்டு இழுங்கோ. துளி பெயின்ற் வந்தாலும் அந்தப் பனலுக்கு ஃபிலிம் வேண்டாம்.

கொக்குவிலில் இருந்து

ஒட்டி முடிச்ச கிழமையில கனபேர் குமிழியைக் கண்டு பயப்பிடினம். விரலால மெல்ல அழுத்துங்கோ. உள்ளுக்கு ஓடி இடம் மாறினால் தண்ணி. ரெண்டு முதல் நாலு கிழமையில தானாய்ப் போகும், மாரியில கொஞ்சம் சுணங்கும். அழுத்திக் கையை எடுக்கத் திருப்பி அதே இடத்தில எழும்பினால் காத்து. காத்துத் தானாய்ப் போகாது, மெல்லிய ஊசியைப் படுக்க வைச்சுக் குத்தி வெளியேத்தோணும். அதைச் செய்யிறது ஒட்டினவை, நீங்கள் இல்லை. முதல் ரெண்டு நாள் காரில தண்ணி படக்கூடாது. ஒரு கிழமைக்கு சேர்விஸ் ஸ்ரேசன் பக்கம் போகாதேங்கோ. பிறகும் பிறஷர் தண்ணியை ஓரத்தில இருந்து ஓரடி தள்ளி நேராய் அடிக்கச் சொல்லுங்கோ. ஓரத்துக்குள்ள சரிச்சு அடிச்சால் ஃபிலிம் கிளம்பும். அடிப்பக்கத்துக்கு மண்ணெண்ணெய் அடிக்கிற இடமெண்டால், கதவுக்குக் கீழ ஒட்டின ஃபிலிமில அது படாமல் பார்த்துக்கொள்ளோணும்.

மானிப்பாயில் இருந்து

கோயில் பூசைக்குக் கொண்டு போற கார்களில கண்டது இது. புதுசாய் ஒட்டின வெள்ளைப் பொனற்றில ஈரச் சந்தனமும் குங்குமமும் மூண்டு விரலால வைச்சு, வீடு வந்து மாலை கழற்றுமட்டும் நாலு மணித்தியாலம் வெயில். சந்தனத்தில மஞ்சள் கலந்திருந்தால் மேல் படையில மஞ்சள் வட்டம் விழும். மஞ்சள் வெயிலுக்கு மெல்ல மெல்ல வெளிறும், சில கிழமை பொறுக்கலாம். சாயக் குங்குமம் அப்பிடி இல்லை, அந்தச் சிவப்பு நிக்கும். ஐயரிட்டச் சொல்லி முன் கண்ணாடியிலயும் இலக்கத் தகட்டிலயும் வைப்பிச்சால் பூசைக்கு ஒரு குறையும் வராது. மாலையைக் கட்டுக்கம்பியால கட்டாதேங்கோ. கம்பி முனை ஃபிலிமை அறுத்தால் அது ஆறாது. கை நகத்தால, துவாயால வாற மெல்லிய கீறல்தான் ஆறும், எங்கட மத்தியான வெயில் அதுக்குக் காணும். நிழலில நிக்கிற கார் எண்டால் கொதிக்கவிட்டுக் கொஞ்சம் ஆறின தண்ணியை ஊத்துங்கோ.

காக எச்சத்தையும் வௌவால் எச்சத்தையும் அண்டைக்கே ஊறவைச்சு எடுக்கோணும். கிணத்துத் தண்ணி காய்ஞ்ச வெள்ளைப் பொட்டுக்கு வெள்ளை வினாகிரியும் தண்ணியும் சரிபாதி, ஒரு நிமிசம் வைச்சுக் கழுவினாப் போகும்.

சுன்னாகத்தில் இருந்து

கார் எடுக்கேக்க மிச்ச ஃபிலிமில ஒரு சாண் துண்டு கேட்டு வாங்குங்கோ. கையால இழுத்து விடுங்கோ. ரிபியு எண்டால் மெல்ல மெல்லப் பழைய அளவுக்குத் திரும்பும். இழுத்தபடியே நிண்டால் அது பிவிசி, எங்கட வெயிலுக்குக் கெதியாய் மஞ்சளாகி வெடிக்கும். மிச்சத்தை வீட்டில மேற்குப் பக்க யன்னல் கண்ணாடிக்கு வெளியில ஒட்டி, பாதிக்கு வெள்ளித் தாள் மூடி விடுங்கோ. ஆறு மாதத்தால தாளை எடுத்து, பின்னால ஒரு வெள்ளைக் கடதாசி பிடிச்சு ரெண்டு பாதியையும் பாருங்கோ. காரில கிடக்கிற ஃபிலிம் எந்தப் பக்கம் போகுது எண்டு அதில தெரியும்.