கோடைக்காலச் சேர்ந்திசை வகுப்பு: குரல் உடையும் பையன்களுக்கு எந்தப் பகுதி?

வணக்கம். 8 முதல் 16 வயது வரை 30 பிள்ளைகள், இரண்டு வாரம், தினமும் 2 மணி நேரம். முதல் 10 நிமிடம் மூச்சுப் பயிற்சி. பிறகு ஒரே மெட்டை இரண்டு அணிகள் முன்பின்னாகத் தொடங்கிப் பாடுவது. அதெல்லாம் நன்றாகவே போகிறது.

சிக்கல் 13, 14 வயதுப் பையன்களுக்குத்தான். குரல்நாண் நீண்டு தடிக்கும் பருவம். நடு 'சி'யை (கீபோர்டின் நடுவில் உள்ள 'சி' சுரம்) ஒட்டிய ஆறேழு சுரங்கள்தான் பிசிறில்லாமல் வருகின்றன. அவர்களுக்காகச் சுருதியை இறக்கினால், சின்னவர்கள் தலைக்குரலை (மேல் சுரங்களுக்கான மெல்லிய குரல்) விட்டுவிட்டு நெஞ்சிலிருந்து கத்துகிறார்கள். பாட்டு முடிவதற்குள் சுருதியும் சரிந்துவிடுகிறது. பையன்களை வாயை மட்டும் அசைக்கச் சொல்ல மனம் வரவில்லை.

அந்த ஆறேழு சுரங்களுக்குள் அடங்கும் மூன்றாம் பகுதியோடு (மற்ற இரண்டு அணிகளோடு சேர்ந்து இவர்கள் பாடும் தனி மெட்டு) எளிய பாடல்கள் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அவர்களை எங்கே நிறுத்துகிறீர்கள், ஓரத்திலா நடுவிலா?