வலது பக்க முழுத்திருப்பத்தில் மட்டும் கால் ஊன்றிவிடுகிறேன்: கோளாறு வண்டியிலா, என்னிடமா?

கல்லும்வேரும்:
எல்லோருக்கும் வணக்கம். ட்ரையல்ஸ் (கல், வேர் மேல் கால் ஊன்றாமல் மெதுவாக ஓட்டும் பைக் போட்டி) ஓட்ட ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. கைமாறி வந்த பழைய வண்டி, 250 சிசி டூ ஸ்ட்ரோக், ஹைட்ராலிக் கிளட்ச். இதுவரை மூன்று போட்டிகளில் கலந்துகொண்டிருக்கிறேன், மூன்றும் தொடக்கநிலை வகுப்பில்தான்.

ஹேண்டிலை வலது பக்கம் முழுசாக ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் வண்டி உள்பக்கம் சாய்ந்துகொண்டே முன்னால் உந்துகிறது. என் வலது கால் என்னைக் கேட்காமலே தரைக்குப் போய்விடுகிறது. இடது திருப்பத்தில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. போன போட்டியில், எல்லைக் குறி வைத்துக் கட்டிய தடத்துண்டான ஒரு செக்‌ஷனில் ஈர வேர்களுக்கு நடுவே அடுத்தடுத்து இரண்டு வலது திருப்பம். மூன்று சுற்று போனேன், மூன்றிலும் ஐந்து. மற்ற செக்‌ஷன்களில் ஓரளவு மானத்தோடு வெளியே வந்தேன்.

இதுவரை செய்தவை: கியர்பாக்ஸ் ஆயில் மாற்றினேன். கிளட்ச் லைனில் காற்று இருக்குமோ என்று பிளீட் செய்தேன். திருப்பத்தில் அடிக்கடி வண்டி ஆஃப் ஆனதால் ஐடிலை (த்ராட்டில் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை) கொஞ்சம் ஏற்றி வைத்தேன். பக்கத்தில் நின்று முதல் கியர் போட்டு, கிளட்சைப் பிடித்துத் தள்ளினால் வண்டி லேசாக உருளுகிறது. அதனால் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் செக்‌ஷனுக்குள் போனதும் அதே கிளட்ச் முழுசாக விடுபடாத மாதிரி இருக்கிறது. பிளேட்டைக் கழற்ற வேண்டுமா?

சும்மாஎட்டிப்பார்த்தவன்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். மூன்று சுற்றிலும் ஐந்து என்றால் நல்ல மதிப்பெண்தானே? எதற்கு வருத்தம்?

கொடிக்கம்பு:
இல்லை தம்பி, இங்கே குறைவாக வாங்குபவர்தான் ஜெயிக்கிறார். ஒரு செக்‌ஷனைக் கால் ஊன்றாமல் முடித்தால் 0, அதை க்ளீன் என்போம். ஒரு தடவை ஊன்றினால் 1, இரண்டு தடவைக்கு 2, மூன்றோ அதற்கு மேலோ எத்தனை ஊன்றினாலும் 3. விழுந்தால், எல்லைக் குறியைத் தாண்டினால், இன்ஜின் நின்று காலும் தரையில் இருந்தால் 5. வேகத்துக்கு இதில் மதிப்பே கிடையாது. நான் பல வருடமாக ஆப்சர்வராக செக்‌ஷன் ஓரத்தில் நின்று மதிப்பெண் அட்டையில் ஓட்டை போடுகிறவள், கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

கல்லும்வேரும், ஒரு சந்தேகம். நீங்கள் கலந்துகொண்டது நிற்காமல் ஓட்டும் விதியிலா, நிற்க அனுமதி உள்ள விதியிலா? நிற்கக் கூடாத விதி என்றால் வண்டி முன்னோக்கி உருளாமல் நின்றாலே ஐந்து. கால் ஊன்றியபடி தடுமாறி நின்றிருந்தால் உங்கள் மூன்று ஐந்துக்கும் அதுவே காரணமாக இருக்கும்.

கல்லும்வேரும்:
நிற்கக் கூடாத விதிதான் அக்கா. கால் போகிறது, வண்டி வேரில் முட்டி நிற்கிறது, நீங்கள் சொன்னது போல ஐந்து.

பழையசைலன்சர்:
பிளேட்டைத் தொடாதீர்கள். ஒரே பக்கத் திருப்பத்தில் மட்டும் வரும் கோளாறுக்கு கிளட்ச் பிளேட் எப்படிப் பொறுப்பாகும்? வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது பிளேட்டுக்குத் தெரியாது.

கோளாறு உடம்பில் இருக்கிறது. ரோட்டில் ஓட்டிப் பழகியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது: வண்டியோடு சேர்ந்து தாங்களும் உள்ளே சாய்வார்கள். ரோட்டு வேகத்தில் அது சரி. நடக்கிற வேகத்தில் வண்டியை நிமிர்த்திப் பிடிக்க வேகம் இருக்காது. வண்டி உள்ளே சாய வேண்டும், உடம்பு வெளியே இருக்க வேண்டும். வலது திருப்பம் என்றால் எடை முழுவதும் இடது ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கட்டையில்). இடுப்பு இடது பக்கம் நகர்ந்து, வண்டி காலுக்கு நடுவில் தாராளமாகச் சாய இடம் கொடுக்க வேண்டும். கண் முன்சக்கரத்தில் இருக்கவே கூடாது. வெளியேறும் இடத்தைப் பாருங்கள்.

ஒரே இடத்தில் நின்று பழகினீர்களா? இன்ஜினை ஆஃப் செய்து, ஹேண்டிலை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபுட்பெக்கில் எழுந்து நில்லுங்கள். முதலில் மூன்று விநாடிகூடத் தாங்காது. ஒரு மாதத்தில் அரை நிமிடம் நிற்கலாம். வலது பக்கம் ஒடித்துத் தனியாகப் பழகுங்கள். நம்மில் பலருக்கும் ஒரு பக்கம் மட்டும்தான் வசப்பட்டிருக்கும்.

ஸ்பேனர்10:
அண்ணன் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐடிலை ஏற்றியதை அவர் கவனிக்கவில்லை. திருப்பத்தில் ஆஃப் ஆகிறது என்று ஐடிலை ஏற்றினால், கிளட்ச் கொஞ்சம் இழுத்தாலும் வண்டி உந்தத்தான் செய்யும். உந்தினால் பயம், பயத்தில் கால். முதலில் ஐடிலைப் பழைய இடத்துக்கே இறக்குங்கள்.

அப்புறம் கால் போவது வலது கால் என்பதை மறக்காதீர்கள். பின்பிரேக் அந்தக் காலில்தான் இருக்கிறது. காலைத் தரைக்குக் கொடுத்த நொடியில் பின்பிரேக்கும் போய்விடுகிறது. இடது திருப்பத்தில் தடுமாறினால் போவது இடது கால், பிரேக் கையை விட்டுப் போகாது. மன்னிக்கவும், காலை விட்டுப் போகாது. வலதில் மட்டும் நிலைமை கைமீறுவது போலத் தெரிய இது ஒன்றே போதும்.

டயரில் காற்று எவ்வளவு?

கல்லும்வேரும்:
பின்னால் 5 பிஎஸ்ஐ, முன்னால் 6. வீட்டில் இருக்கும் கேஜில் பார்த்துத்தான் வைத்தேன்.

ஸ்பேனர்10:
அந்த கேஜ் எத்தனை வரை காட்டும்?

கல்லும்வேரும்:
60 வரை.

ஸ்பேனர்10:
நினைத்தேன். 60 வரை போகிற கேஜில் 5 என்பது முள் கண் திறந்து பார்க்கிற இடம், அவ்வளவுதான். அதில் 5 என்று தெரிவது நிஜத்தில் 3 ஆகவும் இருக்கும், 9 ஆகவும் இருக்கும். 15 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் கேஜ் ஒன்று வாங்குங்கள். பின்டயர் 4 முதல் 5 வரை, முன்டயர் 6 சுமார். பின்டயரின் பக்கச்சுவர் மெத்தென்று மடங்கிக் கல்லைக் கவ்வ வேண்டும்.

கல்லும்வேரும்:
(இரண்டு நாள் கழித்து)
பின்டயரில் இருந்தது 9. இறக்கிவிட்டேன். வேர் மேல் பிடிப்பு வேறு மாதிரி இருக்கிறது, இத்தனை நாள் எதை ஓட்டினேன் என்றே தெரியவில்லை. ஐடிலையும் இறக்கினேன். ஆனால் வலது திருப்பத்தில் அதே கதைதான். இப்போது உந்துவதற்குப் பதிலாகக் குலுங்கி ஆஃப் ஆகிறது. பழையசைலன்சர் அண்ணா சொன்னபடி உடம்பை வெளியே கொண்டுபோகவும் முயற்சி செய்தேன். முதல் கால்வட்டம் நன்றாகத்தான் போகிறது, அப்புறம் தானாக உள்ளே வந்துவிடுகிறேன்.

கொடிக்கம்பு:
ஒரு வீடியோ போடுங்கள். முன்னாலிருந்தோ தூரத்திலிருந்தோ வேண்டாம். நண்பரை இடது பக்கம் நிற்க வைத்து, உங்கள் இடது கையை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

பழையசைலன்சர்:
கையை எதற்கு? இடுப்பை எடுக்கச் சொல்லுங்கள்.

கொடிக்கம்பு:
ஓரத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு இடுப்பு அப்புறம்தான் கண்ணில் படும். முதலில் கை.

கல்லும்வேரும்:
எடுத்துவிட்டேன், 22 விநாடி இருக்கிறது. இணைத்திருக்கிறேன்.

கொடிக்கம்பு:
14-வது விநாடியில் நிறுத்திப் பாருங்கள். ஹேண்டில் முழுசாக வலது பக்கம். அதன் இடது முனை உங்களை விட்டுத் தள்ளி முன்னால் போய்விட்டது. உங்கள் இடது கை முழங்கை மடங்காமல் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளங்கை கிரிப்பின் ஓரத்தில் தொங்குகிறது. ஆள்காட்டி விரலின் நுனி மட்டும்தான் லீவரில். மற்ற மூன்று விரலும் கிரிப்பைச் சுற்றி இருக்கின்றன. லீவர் உள்ளே வருகிறது, நடுவிரல் கணுவில் இடித்து அங்கேயே நிற்கிறது. அதற்கு மேல் அது போகவில்லை. அந்த நொடியில்தான் வண்டி குலுங்குகிறது.

ஸ்பேனர்10:
அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை.

கல்லும்வேரும், ஒரு சோதனை. கொஞ்சம் ஓட்டி இன்ஜின் சூடானதும் ஆஃப் செய்யுங்கள். முதல் கியர் போடுங்கள். பக்கத்தில் நின்று இரண்டு விரலால் கிளட்சைப் பிடிக்காதீர்கள். ஃபுட்பெக்கில் ஏறி நின்று, ஹேண்டிலை வலது பக்கம் ஒடித்து, ஓட்டும்போது பிடிப்பது போலவே ஒற்றை விரலால் பிடியுங்கள். ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வண்டியைத் தள்ளட்டும்.

கல்லும்வேரும்:
செய்து பார்த்தேன்.

பக்கத்தில் நின்று இரண்டு விரல்: லேசாக உருளுகிறது. ஏறி நின்று ஹேண்டில் நேராக, ஒற்றை விரல்: உருளுகிறது, சற்றுக் கனமாக. ஏறி நின்று வலது ஒடிப்பு, ஒற்றை விரல்: தள்ளிய நண்பன், "டேய், பிரேக்கை விடுடா" என்றான். நான் பிரேக்கைத் தொடவே இல்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் விரலுக்கு எட்டவில்லை என்று லீவரை கிரிப்புக்குக் கிட்டத்தில் திருகி வைத்தது நான்தான். இப்போது ஞாபகம் வருகிறது.

ஸ்பேனர்10:
ஆக கிளட்ச் நன்றாகத்தான் இருந்திருக்கிறது, அதை முழுசாகப் பிடிக்கத்தான் இடம் இல்லை. லீவரில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் திருகி அதை வெளியே தள்ளுங்கள். நடுவிரல் கணுவைத் தொடுவதற்குக் கணிசமாக முன்பே கிளட்ச் முழுசாக விடுபட வேண்டும், அதுதான் அளவு. லீவரை இறுக்கும் கிளாம்ப்பைத் தளர்த்தி, முழுவதையும் ஹேண்டிலின் நடுப்பக்கமாக நகர்த்துங்கள். ஆள்காட்டி விரல் லீவரின் கடைசி வளைவில் உட்காரும் வரை நகர்த்தலாம். நெம்புகோல் நீளம் கூடினால் விரலுக்குப் பாரம் குறையும். கிளாம்ப் போல்ட்டைக் கொன்று இறுக்காதீர்கள். வண்டி விழுந்தால் லீவர் சுழல வேண்டும், உடையக் கூடாது.

லீவரை விட்ட நிலையில் துளியாவது ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆட்டமே இல்லாமல் வைத்தால் சூடேறியதும் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும், அது வேறொரு தலைவலி. பழைய வண்டி என்பதால் இன்னொன்று: காலையில் குளிரில் பிளேட் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பிரித்துவிடுங்கள்.

பழையசைலன்சர்:
சரி, என் பங்குக்கு நானும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், கையைப் பார்க்கச் சொன்னது சரிதான். ஆனால் அந்தக் கை ஏன் குச்சியாக நீண்டது என்று யாராவது கேட்டீர்களா? 14-வது விநாடியில் தம்பியின் தோள் இரண்டும் வலது பக்கம், வண்டிக்கு உள்ளே இருக்கின்றன. உடம்பு உள்ளே போனால் வெளிக் கை நீளத்தான் வேண்டும். இடுப்பையும் தோளையும் வெளியே கொண்டுவந்தால் முழங்கை தானாக மடங்கும், விரல் லீவரில் முழுசாக உட்காரும். லீவரை மட்டும் நகர்த்திவிட்டு உள்ளேயே சாய்ந்தால் அடுத்த இறுக்கமான திருப்பத்தில் மறுபடி இங்கேதான் வருவார்.

என் காலத்தில் கேபிள் கிளட்ச், இரண்டு விரல். கனமான பிரிட்டிஷ் ஃபோர் ஸ்ட்ரோக்கில் இப்படி ஒடித்துத் திருப்ப நினைக்கவே தைரியம் வேண்டும். 1965-இல் சாமி மில்லர் புல்டாகோ என்ற ஸ்பானிஷ் டூ ஸ்ட்ரோக்கில், ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் என்ற ஆறு நாள் ட்ரையல்ஸ் போட்டியை ஜெயித்த பிறகுதான் எல்லோரும் லேசான டூ ஸ்ட்ரோக் பக்கம் திரும்பினார்கள். உங்களுக்கெல்லாம் ஒரு விரல் போதும், கொடுத்து வைத்தவர்கள்.

பயிற்சி சொல்கிறேன். தரையில் ஒரு கல்லை வைத்து அதை வலமாகச் சுற்றுங்கள், முதலில் பெரிய வட்டம். த்ராட்டிலை ஒரே அளவில் பிடித்து, வேகத்தை கிளட்சால் மட்டும் கட்டுப்படுத்துங்கள், பின்பிரேக் லேசாக உரசிக்கொண்டே இருக்கட்டும். இடது முழங்கை மடங்கியே இருக்க வேண்டும். அது நீண்டால் வட்டம் முடிந்தது என்று அர்த்தம், நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

கல்லும்வேரும்:
(மூன்று வாரம் கழித்து)
அதே இடத்தில் மறுபடி போட்டி நடந்தது. அதே வேர்கள், செக்‌ஷன் மட்டும் கொஞ்சம் மாற்றிக் கட்டியிருந்தார்கள். வலது திருப்பம் இந்த முறையும் இரண்டு.

முதல் சுற்றில் 3. இரண்டாவது சுற்றில் 1, அதுவும் கடைசிக் குறிக்கு ஒரு முழம் முன்னால், சந்தோஷத்தில் கவனம் சிதறி. திருப்பத்துக்குள்ளே கிளட்ச் விடுபடுவதை விரலிலேயே உணர முடிகிறது. ஆள்காட்டி விரலில் புதிதாக ஒரு காய்ப்பு வேறு.

மூன்றாவது சுற்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முழங்கையை மடித்து, இடுப்பைத் தாராளமாக இடது பக்கம் தள்ளினேன். அண்ணா பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார். பட்டென்று இன்ஜின் நின்றது. கில் ஸ்விட்ச் வாரை, அதாவது விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் காந்த ஸ்விட்சின் கயிற்றை, இடுப்பு பெல்ட்டில் மாட்டியிருந்தேன். இடுப்பு வெளியே போனதும் அது காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கால் தரையில், இன்ஜின் ஆஃப், ஐந்து. வாரை எங்கே மாட்ட வேண்டும்?

கொடிக்கம்பு:
மணிக்கட்டில். வண்டியில் ஏறி நின்று, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, பின்னால் நன்றாகத் தொங்கிப் பாருங்கள். அப்போதும் வார் இழுபடாமல் தளர்வாக இருக்க வேண்டும், கீழே விழுந்தால் மட்டும் பிடுங்க வேண்டும். அந்த ஐந்தை யார் போட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

கல்லும்வேரும்:
அக்கா!!

பழையசைலன்சர்:
ஐந்து சரியாகத்தான் போட்டிருக்கிறார். கையை மடக்கியதற்கு என் கைதட்டலும் உண்டு. அடுத்தது இடது திருப்பத்தையும் வீடியோ எடுத்துப் போடுங்கள், அங்கேயும் ஏதாவது இருக்கும்.