பூனை நல்லா குதிக்குது, ஆனா கள்ளிச்செடிய தாண்ட மாட்டேங்குது. பசங்க கேமுக்கு ஹெல்ப் ப்ளீஸ்

வாலு ரெண்டு வீட்டுல
எல்லாருக்கும் வணக்கம். லீவு விட்டதுலருந்து வீட்ல ஒரே கேம் கம்பெனிதான். பையனுக்கு 10 வயசு, பொண்ணுக்கு 6. நெட் கட்டானா குரோம்ல வருமே டைனோசர் கேம், அதே மாதிரி சொந்தமா ஒண்ணு செய்யணும்னு ஸ்க்ராட்ச்ல (பிளாக்குகளை ஒட்டி ஒட்டி பசங்க கேம் செய்யற சாஃப்ட்வேர்) உக்காந்துட்டான். டைனோசருக்கு பதிலா அதுல வர்ற பூனை, எதிர்ல கள்ளிச்செடி வரும், ஸ்பேஸ் பார் அடிச்சா பூனை தாண்டணும், அவ்ளோதான் கதை. நான் பி.காம், கோடிங் வாசனையே கிடையாது, யூடியூப் பாத்து அவனே பாதிக்கு மேல பண்ணிட்டான்.

இப்ப எங்க மாட்டிக்கிச்சுன்னா, பூனை செடிய விட உயரமாத்தான் குதிக்குது, கண்ணால பாக்கறோம், ஆனா எந்த டைம்ல குதிச்சாலும் இறங்கும்போது வால்லயோ கால்லயோ இடிச்சு கேம் ஓவர்னு வந்துடுது. இன்னொண்ணு, தாண்டாத செடிங்க எல்லாம் இடது ஓரத்துல போய் ஒட்டிக்கிட்டு அப்படியே நிக்குதுங்க, மறைய மாட்டேங்குது. "போயிடுச்சுன்னா டெலீட்"னு தான் போட்டிருக்கான். குதிக்கறதுக்கு ஸ்பீடு 12, ஒவ்வொரு தடவையும் 1 குறையும். செடி ஒவ்வொரு தடவையும் 5 நகருது. ராத்திரி தூங்கும்போது கூட இதே பேச்சு, யாராச்சும் காப்பாத்துங்க. சின்னவ வேற நானும் பண்ணுவேன்னு மவுஸை புடுங்கறா.

கொங்கு வாத்தியார்
வணக்கமுங்க. நான் ஸ்கூல்ல கம்ப்யூட்டர் எடுக்கறேன், வருசா வருசம் இந்த செடி கேமை பசங்க செய்யறாங்க, வருசா வருசம் இதே ரெண்டு எடத்துலதான் நிக்கறாங்க, அதனால பையன் தப்பா ஒண்ணும் பண்ணலீங்க.

முதல்ல ஓரத்துல ஒட்டற செடி. ஸ்க்ராட்ச் மேடை அகலம் 480, நடுவுல 0, அதனால இடது ஓரம் மைனஸ் 240. ஆனா எந்த பொம்மையையும் ஸ்க்ராட்ச் முழுசா வெளிய போக விடாது, கொஞ்சமாச்சும் தெரியற மாதிரி புடிச்சு வச்சுக்கும். பையன் அனேகமா "எக்ஸ் மைனஸ் 240க்கு கீழ போனா டெலீட்"னு (எக்ஸ்னா இடது வலது எங்க இருக்குங்கற நம்பர்) போட்டிருப்பான், சின்ன செடி அந்த நம்பருக்கு கீழ போகவே முடியாது. மைனஸ் 230ன்னு மாத்தச் சொல்லுங்க, மறைஞ்சிடும்.

குதிக்கற விசயம் கணக்குங்க. ஒரு நோட்டுல 12, அடுத்து 12+11, அடுத்து அதோட 10னு கூட்டிட்டே போகச் சொல்லுங்க, உச்சி 78ல வரும், மறுபடி அதே மாதிரி இறங்கும், மொத்தம் 25 ஃபிரேம், அதாவது திரையில படம் 25 தடவை மாறும். ஸ்க்ராட்ச் ஒரு செகண்டுக்கு 30 ஃபிரேம் ஓடும். இப்ப செடி 40 உயரம்னு வச்சுக்குங்க. பூனையோட கால் 40க்கு மேல இருக்கறது அந்த 25ல 18 ஃபிரேம்தான். பூனைய சின்னதாக்காம அப்படியே விட்டிருந்தா அதோட அகலம் கிட்டத்தட்ட 95, செடி ஒரு 30, ரெண்டும் சேத்து 125, அது முழுசா கடந்து போக 5, 5ஆ நகந்தா 25 ஃபிரேம் ஆகும். கையில இருக்கறது 18, வேணுங்கறது 25. எந்த டைம்ல குதிச்சாலும் இடிக்கத்தான் செய்யும், பையனோட விரல் மேல குத்தமில்ல.

பூனை சைஸை 50, அதாவது பாதி ஆக்குங்க, கடக்க 16 ஃபிரேம் போதும், தாண்டலாம் ஆனா ரொம்ப இறுக்கமா இருக்கும். குதிக்கற ஸ்பீடை 14 ஆக்கிட்டா 22 ஃபிரேம் கிடைக்கும், அப்ப ஆடறதுக்கு சுகமா இருக்கும். பூனை உருவம் சதுரம் இல்லைங்கறதால ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன வரும்.

ஒரு வேண்டுகோளுங்க, நம்பரை நீங்க மாத்திக் குடுத்துறாதீங்க. கட்டம் போட்ட நோட்டுல பூனை எங்கெங்க இருக்குதுன்னு புள்ளி வைக்கச் சொல்லுங்க, அந்த வளைவு பேப்பர்ல வந்தவுடனே செடி எங்க இடிக்குதுன்னு அவனே விரல் வச்சு காட்டுவான்.

பிக்சல் பாண்டி
வாத்தியார் சொன்னது சூப்பர். நான் ஐடில இருக்கேன். ஆனா 10 வயசுக்கு நேரா ராப்லாக்ஸ் ஸ்டூடியோ (ராப்லாக்ஸ்ங்கற ஆன்லைன் கேமுக்கு கேம் செய்யற சாஃப்ட்வேர்) போயிடலாமே, அதுலதான் பசங்க எல்லாம் "ஓபி"ன்னு தடை தாண்டற கேம் செய்யறாங்க, பிளாக் பிளாக்கா வச்சு சிவப்பு பிளாக்க தொட்டா உயிர் போற மாதிரி பண்ணா முடிஞ்சுது, 3டில வேற இருக்கும், ஃப்ரெண்ட்ஸ் கிட்ட சீன் போடலாம்.

மொட்டைமாடி அப்பா
பாண்டி சார், கோச்சுக்காதீங்க, அந்த "தொட்டா உயிர் போகும்"ங்கறதுக்கே லூவாங்கற கோடிங் மொழில டைப் அடிக்கணும், ஒரு எழுத்து மாறினா எர்ரர், 10 வயசுல அது எரிச்சலாத்தான் முடியும். ஸ்டூடியோ மொபைல்லயும் டேப்லயும் ஓடாது, பழைய லேப்டாப்பா இருந்தா மூச்சு வாங்கும். முகம் தெரியாதவங்க சாட் வேற ஒரு தலைவலி. ஒரு ரெண்டு வருசம் போகட்டும் சார்.

சிஸ்டர், சின்னவளுக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர் போட்டுக் குடுங்க, 5லருந்து 7 வயசு பசங்களுக்குன்னே செஞ்சது, படிக்கவே தெரிய வேணாம், எல்லாம் படம்தான். ஒரு பொம்மை இன்னொண்ணை இடிச்சா எதாச்சும் நடக்கணும்ங்கறதுக்கும் ஒரு பிளாக் இருக்கு, இலவசம்தான். மவுஸ் சண்டைக்கு டேப் ஒண்ணு இருந்தா போதும்.

எங்க வீட்ல நடந்தது என்னன்னா கம்ப்யூட்டரை தொடறதுக்கு முன்னாடி மாடில செருப்பு, பக்கெட், தலகாணி எல்லாம் வரிசையா வச்சு ஓட விட்டோம். என் பொண்ணு தடைய எல்லாம் கிட்ட கிட்ட வச்சா, தம்பி தாண்டவே முடியாம விழுந்து அழுதான். "நீ தாண்டிக் காட்டு"ன்னேன், அவளாலயும் முடியல. உடனே அவளே பக்கெட்டை தள்ளி வச்சா. பசங்களுக்கு கேம் செய்யறதுன்னாலே மத்தவங்களை தோக்கடிக்கறதுதான், அது தப்பில்ல, ஆனா செஞ்சவங்களாலயே முடிக்க முடியாத கேமை யாரும் ரெண்டாவது தடவை ஆட மாட்டாங்க. 2015ல வந்த சூப்பர் மாரியோ மேக்கர்ல (நாமளே மாரியோ லெவல் செய்யற கேம்) இதை ரூல்ஸாவே வச்சிருந்தாங்க, நீ செஞ்ச லெவலை நீயே ஒரு தடவை முழுசா முடிச்சாதான் அப்லோடே ஆகும். நாங்களும் வீட்ல அந்த சட்டம்தான் வச்சிருக்கோம்.

அப்புறம் செடி எவ்ளோ இடைவெளில வருதுன்னும் பாருங்க. வாத்தியார் கணக்குப்படி செடி செகண்டுக்கு 150 நகருது, குதிச்சு இறங்கறதுக்குள்ள 125 வந்துடுது, அப்ப ஒரு செகண்டுக்கு ஒரு செடி விட்டா இறங்கின உடனே மூஞ்சில அடுத்தது. அடுத்த செடி எத்தனை செகண்ட் கழிச்சு வரணும்னு ரேண்டம் (ஏதோ ஒரு நம்பரை அதுவே எடுக்கறது) போடும்போது "1 டு 3"னு போட்டா வெறும் 1, 2, 3 மட்டும்தான் வரும், தாளம் மாதிரி ஆயிடும், "1.2 டு 2.5"னு புள்ளி வச்சு போட்டாதான் நடுவுல உள்ளதெல்லாம் வரும். அப்பதான் ஆட்டம் சூடு புடிக்கும்.

வாலு ரெண்டு வீட்டுல
அய்யோ வாத்தியார் சார், உங்களுக்கு கோயில் கட்டணும்!! மைனஸ் 230 போட்டவுடனே செடி எல்லாம் காணோம். நோட்டுல 12, 23, 33னு எழுதிட்டு வந்தவன் நாலாவது நம்பர் 42ல நிறுத்தி "அம்மா இங்கதான் கால் செடிக்கு மேல வருது"ன்னு கத்தறான், லீவுல கூட்டல் கணக்கு போடுன்னா ஓடற பையன் சார் அது. பூனை சைஸ் 50 ஆக்கிட்டான், ஸ்பீடை 14 ஆக்க மாட்டானாம், ஈசியாயிடுமாம், 13ல வச்சிருக்கான். மாடி அண்ணா சட்டத்தையும் சொல்லிட்டேன், அவனால இன்னும் 20 செடி தாண்ட முடியல, அதனால கேம் ரிலீஸ் தள்ளிப்போயிருக்கு.

சின்னவ ஜூனியர்ல யானைய விட்டு வாழைப்பழத்தை இடிக்க வச்சுட்டா, தடைங்கறதே கிடையாது, இடிச்சா சாப்பிடும், அதான் அவ கேம். இருந்துட்டு போகட்டும்.

கடைசியா ஒரே ஒரு டவுட்டு. மதுரைல இருக்கற அத்தை பையனுக்கு அனுப்பணுமாம், அவங்க வீட்ல கம்ப்யூட்டர் இல்ல, போன்தான். ஃபைலை வாட்ஸாப்ல அனுப்பினா திறக்குமா? போன்ல ஸ்பேஸ் பார் எங்க இருக்கு?

கொங்கு வாத்தியார்
ஃபைலா அனுப்பினா போன்ல சும்மா கெடக்குமுங்க. ஸ்க்ராட்ச் சைட்ல உங்க ஈமெயில் குடுத்து ஒரு அக்கவுண்ட் போட்டு, பையனோட நிஜப் பேரோ ஊரோ வராத மாதிரி யூசர் நேம் வச்சு, கேமை ஷேர் குடுத்து லிங்க் அனுப்புங்க, போன் பிரவுசர்லயே ஓடும். ஸ்பேஸ் பாருக்கு வழி இருக்குது: "ஸ்பேஸ் அழுத்தினா"ங்கற எடத்துல "ஆர்" (ரெண்டுல எது நடந்தாலும் சரிங்கறது) பிளாக்க வச்சு, ஒரு பக்கம் ஸ்பேஸ், இன்னொரு பக்கம் "மவுஸ் டவுன்". போன்ல விரல் வச்சா அதைத்தான் மவுஸ்னு எடுத்துக்கும். ஆனா பச்சைக் கொடிய தொட்டு ஆரம்பிக்கும்போதே பூனை ஒரு குதி குதிச்சிருச்சுன்னா, ஆரம்பத்துல அரை செகண்ட் வெயிட் போட்டுக்கச் சொல்லுங்க.