கட்டன் டீ நிறத் தண்ணீரும் பைரீனும்: லேப்பில் ஏமாந்த கதைகள்

ஏற்காட்டில் காபித் தோட்டத்து ஓடையில் மழை விட்ட மறுநாள் தண்ணீர் எடுத்தேன். நல்ல கட்டன் டீ நிறம். சருகு மக்கிக் கரைந்த ஹியூமிக் பொருள் அது. 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்தும் நிறம் போகவில்லை, கரைந்ததாயிற்றே. இருபது கொண்டை ஊசி வளைவும் ஐஸ் பெட்டியை மடியில் வைத்தபடி இறங்கி வந்தேன்.

பைரீன் என்பது எரிபொருள் அரைகுறையாக எரியும்போது வரும் ஒரு கரிம மாசு. அது இந்த ஹியூமிக்கில் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும். தனியாக இருக்கும் பைரீன் புறஊதா ஒளியில் ஒளிரும். ஹியூமிக்கோடு ஒட்டியது ஒளிராது. ஹியூமிக் இல்லாதபோது இருந்த ஒளியை, சேர்த்தபின் உள்ள ஒளியால் வகுத்து, கரைந்த கார்பன் அளவுக்கு எதிரே வரைந்தால், கோட்டின் சாய்வுதான் பிணைப்பு எண். முதல் நாளே கோடு ஜோராக வந்தது. கைடு பார்த்துவிட்டு, "இந்த நிறத்துக்கு விளக்கு வெளிச்சம் க்யூவெட் நடுவுக்குப் போய்ச் சேருதாப்பா?" என்றார். க்யூவெட் என்றால் தண்ணீர் ஊற்றி அளக்கும் சின்னக் குப்பி. அவ்வளவுதான். தண்ணீரின் நிறமே ஒளியை விழுங்கிவிடும்; அந்த உறிஞ்சல் தூண்டும் அலைநீளத்தில் 0.2, ஒளிரும் அலைநீளத்தில் 0.2 என்று இருந்தாலே ஒளி அளவீட்டை 1.58 மடங்கு பெருக்க வேண்டுமாம். திருத்திப் பார்த்தால் என் "பிணைப்பில்" பாதிக்கு மேல் வெறும் டீ நிறம்!

மறுமொழி:
தம்பி, எனக்கு நேர்மாறு. திருத்தம் எல்லாம் ஒழுங்காகப் போட்டும் விகிதம் ஒன்றுக்குக் கீழே இறங்கியது. சேர்க்கச் சேர்க்க ஒளி கூடுகிறதே என்று இரண்டு வாரம் மண்டை காய்ந்தேன். பைரீன் தண்ணீரில் லிட்டருக்கு 0.13 மில்லிகிராம்தான் கரையும். மீதி நேரமெல்லாம் சுவர் தேடும். ஹியூமிக் இல்லாத குப்பியில் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது, இருந்த குப்பியில் ஹியூமிக் பிடித்து வைத்து, சுவருக்குப் போவதைத் தாமதப்படுத்தியதால் ஒளிரும் பைரீன் தண்ணீரில் அதிகம் மிஞ்சியது. அப்புறம் ஒவ்வொரு குப்பியையும் ஒரே நேர இடைவெளியில்தான் அளந்தேன். பிளாஸ்டிக் பக்கம் போகவே வேண்டாம்.

மறுமொழி:
அக்கா சொன்னது சரி. நான் மலையேறவில்லை, சேலம் ஊருக்குள் ஓடும் திருமணிமுத்தாற்றிலேயே எடுத்தேன். பைரீன் போடும் முன்பே தண்ணீர் நீலமாக மின்னியது. துணி சோப்பில் வெளுப்புக்குச் சேர்க்கும் சாயம் அது என்று பிறகுதான் உறைத்தது. பைரீன் போடாத அளவை ஒவ்வொன்றிலும் கழிக்காவிட்டால் கதை கந்தல். தம்பி, ஓடைத் தண்ணீரில் அதைக் கழித்தீர்களா? ஹியூமிக்கும் சொந்தமாகக் கொஞ்சம் ஒளிருமே.

மறுமொழி:
இல்லண்ணா. நாளைக்கு மறுபடி க்யூவெட் கழுவணும்.