ஒரு சீசனோடு நிறுத்தினால் பாதியில் விட்டதாகுமா?

பிளேனோ அப்பா:
மகனுக்கு 19 வயது. போன கோடையில் ஒரு டிரம் கோரில், அதாவது ஊர் ஊராகப் போய் மைதானத்தில் நடந்தபடியே வாசித்துப் போட்டியிடும் இளைஞர் வாத்தியக் குழுவில், பேஸ் டிரம் வாசித்தான். (எழுத்தைப் பார்த்து ‘கார்ப்ஸ்’ என்று நானும் ஆறு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ‘கோர்’தானாம்.) நவம்பரில் ஆடிஷன் வருகிறது, இந்த முறை போகமாட்டேன் என்கிறான். கோடையில் இன்டர்ன்ஷிப் வேண்டுமாம். மே மாதம் கிளம்பினால் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் இண்டியானாபொலிஸில் ஃபைனல்ஸ் முடிந்த பிறகுதான் வீடு. நடுவில் எந்தக் கம்பெனி இவனைச் சேர்த்துக்கொள்ளும்? அது புரிகிறது. ஆனால் 21 வயது வரை வாசிக்கலாம், இன்னும் இரண்டு வருடம் கையில் இருக்கிறது. எட்டாம் வகுப்பிலிருந்து சாப்பாட்டு மேசையைத் தட்டியே வளர்ந்தவன். ஒரே வருடத்தில் விடுவதா? நான் வற்புறுத்தலாமா?

நாலு சீசன்:
வற்புறுத்துங்கள் சார். நான் 2016 முதல் 2019 வரை இருந்தேன். முதல் வருடம் யாரும் வாசிப்பதில்லை, உயிரோடு கரையேறுவதோடு சரி. காலையில் மைதானத்தில் இறங்கினால் இரவு வரை வெயில், தண்ணீர்க் குடம், மறுபடியும் வெயில். தூக்கம் பாதி பஸ்ஸில், மீதி ஏதோ ஒரு ஊர்ப் பள்ளியின் ஜிம் தரையில். இரண்டாவது வருடம்தான் பக்கத்தில் நிற்பவன் வாசிப்பதே காதில் விழும்.

அதிலும் உங்கள் பையன் பேஸ். ஐந்து பேர் ஆளுக்கொரு டிரம்மை மாட்டிக்கொண்டு ஒரே தாள ஓட்டத்தைத் துண்டு துண்டாகப் பங்கிட்டு வாசிக்க வேண்டும். உங்கள் பங்கு ஒரே ஒரு அடியாகக்கூட இருக்கும். அது ஒரு மயிரிழை தள்ளி விழுந்தால் ஓட்டம் முழுவதும் நொண்டும். இந்தக் கூட்டுக்காது ஒரே கோடையில் வந்துவிடாது.

கணக்குப்பிள்ளை:
உருக்கமாகத்தான் இருக்கிறது. காசையும் பேசுவோமா? பெரிய கோர்களில் சீசன் கட்டணமே 5,000 டாலரை ஒட்டி வருகிறது. குளிர்காலத்தில் மாதாமாதம் கேம்ப், அதற்கு விமான டிக்கெட், அப்புறம் ஷூ, கையுறை. கோடையில் சம்பாதிக்க வேண்டிய சம்பளமும் போச்சு. நாலு வருடம் நின்றவரைப் பார்த்தால் ‘என்ன பிடிப்பு!’ என்கிறோம். எனக்கு முதலில் தோன்றுவது, அவர் அப்பாவின் பாக்கெட் என்ன ஆழம் என்பதுதான்.

நாலு சீசன்:
என் அப்பா பாக்கெட்டில் ஒன்றுமில்லை அண்ணா. குளிர்காலம் முழுக்க பீட்சா டெலிவரி செய்து கட்டினேன். கடைசித் தவணை மே மாதம் வரை இழுத்தது.

கணக்குப்பிள்ளை:
உங்களால் முடிந்தது, சந்தோஷம். அதே பீட்சா வண்டியில் ஓடி இரண்டாம் வருடம் கட்ட முடியாமல் போனவர்கள் இங்கே வந்து எழுதமாட்டார்களே.

ஜெர்சி மாமா:
இரண்டு பேரும் இன்றைய டிரம் கோரை மட்டும் பார்த்துப் பேசுகிறீர்கள். அந்தக் காலத்தில் இது தெருப்பிள்ளைகள் சமாசாரம். சர்ச்சும் முன்னாள் ராணுவத்தினர் சங்கமும் நடத்தின. பத்து வயதில் சேர்ந்த பையன் 21 வரை அதே ஊரில், அதே சட்டையில் இருந்தான். பிடிப்பு என்று பெரிதாக ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, பயிற்சி முடிந்ததும் நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம். 1972இல் விஸ்கான்சின் வைட்வாட்டரில் டிசிஐ என்ற தேசியப் போட்டி அமைப்பின் முதல் சாம்பியன்ஷிப் நடந்தது. பிறகு நாடு முழுக்க டூர், பெரிய பஸ், பெரிய பட்ஜெட். ஊர்க் கோர்கள் ஒவ்வொன்றாக மூடின. இன்று டெக்சாஸ் பையன் கலிபோர்னியாவுக்குப் பறந்து போய் வாசிக்கிறான். அவனிடம் பத்து வருடம் எதிர்பார்க்க முடியுமா?

எங்கள் பக்கத்து கேடட்ஸ் கோர் 1934இல் கார்ஃபீல்டில் ஒரு சர்ச்சில் தொடங்கியது. 90 வருடம் ஓடி 2024இல் வழக்குச் செலவு தாங்காமல் மூடிவிட்டார்கள். கோரே நிற்கவில்லை, பையன் மட்டும் நிற்க வேண்டுமா?

மெலோபோன் அம்மா:
பிளேனோ அண்ணா, ‘விடுவது’ என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. என் பெண் இரண்டாவது சீசனில் ஜூன் மாதமே திரும்பினாள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல். வலிக்கிறது என்று இரண்டு வாரம் சொல்லியும், ஐஸ் வைத்துக்கொண்டு ஓடு என்றார்களாம். கோரின் பெயர் வேண்டாம். அவள் நின்ற இடம் மைதானத்தில் காலியாகி, வேறொருவருக்கு அவசரமாக அசைவு முழுவதும் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்காக அவள் அழுதாள், காலுக்காக அழவில்லை. நடுவில் வருவது என்றால் இதுதான். உங்கள் பையன் ஆகஸ்ட் வரை நின்று கடைசி ஷோவையும் வாசித்துவிட்டு வந்தவன். கோர் அவனிடம் கேட்டது ஒரு சீசன், கொடுத்துவிட்டான். பழைய ஆள் என்றாலும் அடுத்த வருடம் மறுபடி ஆடிஷன்தானே? அவர்கள் மட்டும் இவனை நிரந்தரமாக வைத்துக்கொள்கிறார்களா?

நாலு சீசன்:
அக்கா, உங்கள் பெண்ணுக்கு நடந்தது அநியாயம், அதில் பேச்சே இல்லை. ஆடிஷன் விஷயத்திலும் நீங்கள் சொல்வது சரி. ஆனாலும் ஒன்று. 2020இல் கொரோனாவால் சீசனே ரத்து. 2021இல் ஷோ நடந்தது, மதிப்பெண்ணும் பட்டமும் இல்லை. என்னோடு வாசித்த இரண்டு பேருக்கு 2020தான் கடைசி வருடம். மார்ச்சில் செய்தி வந்த அன்றோடு அவர்கள் கதை முடிந்தது, கடைசி ஷோ என்ற ஒன்றே இல்லாமல். இன்றைக்கும் கல்யாண வீட்டில் பார்த்தால் அதைத்தான் பேசுகிறார்கள். கையில் இரண்டு வருடத்தை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று ஒருவன் சொன்னால் எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. பட்டத்துக்காகவும் சொல்லவில்லை. 1940இல் தொடங்கிய பாஸ்டன் க்ரூசேடர்ஸுக்கு முதல் டிசிஐ பட்டம் 2025இல்தான் வந்தது. அதற்கு முன்னால் அங்கே நாலைந்து வருடம் நின்றவர்கள் சாம்பியன் மோதிரத்துக்காகவா நின்றார்கள்?

கணக்குப்பிள்ளை:
வயிறு எரிவது உங்களுக்கு. இன்டர்ன்ஷிப் இல்லாமல் கல்லூரிப் பட்டம் வாங்கி அலையப்போவது அந்தப் பையன்.

ஜெர்சி மாமா:
21தான் முடிவு என்று யார் சொன்னது? டேட்டனில் ஏப்ரலில் டபிள்யூஜிஐ என்ற உள்ளரங்கப் போட்டி நடக்கிறதே, அதற்குப் போகும் குளிர்கால டிரம்லைன்களில் பயிற்சி பெரும்பாலும் வாரக்கடைசியில்தான். கோடை முழுக்க இன்டர்ன்ஷிப்புக்கு மிச்சம். வயது வரம்பே இல்லாத கோர்களும் இருக்கின்றன. 1960களிலிருந்து டிசிஏ என்று தனியாகப் போட்டி நடத்தினார்கள், இப்போது டிசிஐ குடைக்குள் வந்துவிட்டது. அங்கே தாத்தாவும் பேரனும் ஒரே வரிசையில் நிற்பதுண்டு. பையனுக்கு முப்பது வயதில் ஆசை வந்தாலும் போகலாம்.

நாலு சீசன்:
அது வேறு மாமா. சனி ஞாயிறு சேர்ந்து வாசிப்பது ஒன்று, எண்பது நாள் ஒரே பஸ்ஸில் கிடப்பது ஒன்று.

ஜெர்சி மாமா:
வேறுதான் தம்பி. மட்டம் இல்லை.

பிளேனோ அப்பா:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு பையனிடம் பேசினேன். குளிர்கால லைன் ஒன்றை அவனே பார்த்துவைத்திருக்கிறான், என்னிடம்தான் சொல்லவில்லை. ‘நீங்கதான்பா இதை விடமாட்டேங்கிறீங்க’ என்றான்.

அவன் சொன்னதும் பொய்யில்லை. அடுத்த ஆகஸ்ட்டுக்கு, ஃபைனல்ஸ் நடக்கும் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஹோட்டல் அறை போட்டுவிட்டேன். அவன் ஆடிஷன் போவான் என்ற நம்பிக்கையில், செப்டம்பரிலேயே. கேன்சல் செய்ய மனம் வரவில்லை.

நாலு சீசன்:
செய்யாதீர்கள் சார். நானும் வருகிறேன், மேல்தட்டில் உட்கார்ந்து பேஸ் லைனை மட்டும் பார்ப்போம்.

கணக்குப்பிள்ளை:
அறை ரீஃபண்டபிளா இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள்.