அவுஸ்திரேலியா குடியரசாக வேண்டுமா? விவாதத்துக்கு நம்ம 1972ஐ எப்படிப் பயன்படுத்துவது?

வாவிக்கரை (களுவாஞ்சிகுடி)
வணக்கம். உயர்தர அரசறிவியல் புள்ளைகளுக்கு வாற கிழமை விவாதம். அவுஸ்திரேலியா முடியாட்சியை விட்டுக் குடியரசாக வேண்டும் என்பது தலைப்பு. ஒரு பக்கம் "பிறப்பால் பதவி வரக்கூடாது" என்ற ஒரே வரியோட நிக்கிறாங்க, மற்றப் பக்கம் "செலவு கூடும்" என்றதோட. நம்ம இலங்கையும் 1972 வரை ராணிக்குக் கீழ இருந்த நாடுதானே, அதில இருந்து உருப்படியா என்ன எடுக்கலாம்?

சட்டப்புள்ளி (மட்டக்களப்பு)
சேர், ராணியோட சேர்ந்து வேற என்னென்ன போனது என்று புள்ளைகளைத் தேடச் சொல்லுங்க. சுதந்திரத்தோட இருந்த சோல்பரி அரசியல் யாப்பின் 29(2) ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் செல்லாது என்றது. அதுக்கு மேல லண்டன் கோமறைக் கழகத்துக்கு (பிரிவி கவுன்சில்) மேன்முறையீடு இருந்தது. 1971 இல் மேன்முறையீடு நின்றது, 1972 மே 22 இல் 29 ஆம் பிரிவும் போனது.

கோடீஸ்வரன் வழக்கை எடுங்க. சிங்களத் தேர்ச்சி இல்லை என்று சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்ட தமிழ் எழுதுவினைஞர். 1964 இல் மாவட்ட நீதிமன்றம், சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கின 1956 சட்டம் 29க்கு முரண் என்றது. உயர் நீதிமன்றம் மொழிப்பக்கமே போகல்ல. முடியின் (அதாவது அரசின்) ஊழியர் சம்பளத்துக்கு முடிமேல் வழக்குப் போட ஏலாது என்று தள்ளிற்று. 1969 டிசம்பரில் கோமறைக் கழகம் "வழக்குப் போடலாம்" என்று சொல்லி, மொழிக் கேள்வியைக் கொழும்புக்கே திருப்பி அனுப்பினது. அந்தக் கேள்விக்குத் தீர்ப்பு வரவேயில்ல.

அக்கரை_ஆசான் (அக்கரைப்பற்று)
29ஐ அவ்வளவுக்குத் தூக்கிப் பிடிக்க வேணாம். 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிச்சு. 1953 இல், கோடாக்கன் பிள்ளை வழக்கில, அதே கோமறைக் கழகம் அது செல்லும் என்றது. 1956 மொழிச் சட்டம் வந்ததும் ராணி இருக்கக்குள்ளதான். முடி காவல் காத்தது என்று எதிர்ப்பக்கம் பேசினா இந்த ரெண்டையும் எடுத்து வைங்க.

எனக்குப் பெரிய பாடம் வேற. 1972 யாப்பில ஜனாதிபதியைப் பிரதமரே பெயர் குறிப்பார். ராணியின் பிரதிநிதியா இருந்த கடைசி மகாதேசாதிபதி வில்லியம் கோபல்லாவதான் முதல் ஜனாதிபதி. ஆள் அதே ஆள், பெயர்ப்பலகை மட்டும் புதுசு. 1977 தேர்தலில ஜே.ஆர். ஜயவர்தனவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168 ஆசனத்தில 140. அந்த வருசமே யாப்பைத் திருத்தி, 1978 பெப்ரவரி 4 அன்று ஜே.ஆர். அதிகாரம் முழுக்கக் கையில உள்ள நிறைவேற்று ஜனாதிபதி ஆயிட்டார். மூன்றில் இரண்டு இருந்தாப் போதும், அந்தப் பதவியை எதுவாகவும் மாத்தலாம் என்று விட்டதுதான் ஓட்டை.

கல்முனை_வாசகன்
அவுஸ்திரேலியாக்கு வருவம். அங்க அந்த ஓட்டை இல்ல. யாப்பின் 128 ஆம் பிரிவுப்படி சர்வசன வாக்கெடுப்பில நாடு முழுக்கப் பெரும்பான்மையும் வேணும், 6 மாநிலங்களில 4உம் வேணும். 1901க்குப் பிறகு 45 கேள்விகளில வென்றது 8தான். 1999 நவம்பர் 6 இல் குடியரசுக் கேள்விக்கு ஏறக்குறைய 55 வீதம் "வேண்டாம்". ஒரு மாநிலம்கூட "ஆம்" என்கல்ல.

தோற்றதுக்குக் காரணம் ராணிப் பாசம் மட்டுமில்ல. ஜனாதிபதியைப் பாராளுமன்றம் மூன்றில் இரண்டால தெரியும், பிரதமர் ஒரு கையெழுத்தில நீக்கலாம் என்று மாதிரி வைச்சாங்க. நேரடித் தேர்தல் கேட்ட குடியரசுக்காரரே எதிர்த்துக் குத்தினாங்க. சார்பாகப் பேசும் புள்ளைகளிட்ட முதல் கேளுங்க: யார் தெரிவு செய்யிற, யார் நீக்குற? 1975 நவம்பர் 11 இல் செனட் (மேல்சபை) அரசின் வரவுசெலவுப் பணத்தை மறிக்க, அங்கத்தைய மகாதேசாதிபதி கெர், பிரதமர் விற்லமை வீட்டுக்கு அனுப்பினார். அந்த எழுதாத அதிகாரம் புது ஜனாதிபதிக்கும் போகுமா? மக்கள் வாக்கோட வந்த ஒருத்தர் அதைக் கையில எடுத்தா நிலைமை இன்னும் சூடு.

சட்டப்புள்ளியின் பேச்சிலயும் ஒரு முடிச்சு இரிக்கு. டிரினிடாட் 1976 இல் குடியரசாச்சு, மேன்முறையீடு இன்னும் லண்டனுக்குத்தான். பார்படோஸ் மறுபக்கம்: 2005 இலேயே கரீபியன் நீதிமன்றத்துக்கு மாறிட்டு, 2021 நவம்பர் 30 இல் முடியை விட்டது. நீதிமன்றமும் முடியும் சேர்ந்தே போகணும் என்றில்ல.

சட்டப்புள்ளி
ஒத்துக்கிறன். நம்ம நாட்டில ரெண்டையும் அடுத்தடுத்துக் கழற்றினதால ஒண்டாத் தெரியுது. தமிழரசுக் கட்சியின் மொழித் திருத்தங்கள் தோற்று, 1971 ஜூனில் அவங்க 1972 யாப்பை எழுதின அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறினதையும் சேருங்க. யாரை வைச்சு எழுதினது என்றதும் குடியரசுக் கேள்விதான்.

வாவிக்கரை
நல்லாப் பிடிபட்டுது. புள்ளைகள் கையில தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒண்டு இருந்தாச் சொல்லுங்க.

அக்கரை_ஆசான்
பழைய காணி உறுதி ஒண்டு கொண்டு போங்க சேர். எல்லையில "முடிக்குரிய காணி" என்று கிடந்தா அதை வாசிக்க விடுங்க. 1947 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச்சட்டம்தான் இப்ப அரச காணிகள் கட்டளைச்சட்டம். காணி அதே காணி, சட்டம் அதே சட்டம், உரிமைக்காரன் பெயர் மட்டும் மாறிச்சு. பேமிட்டுக்கு (அனுமதிப்பத்திரம்) கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) அலையிறது அப்பவும் இப்பவும் ஒண்டுதான்.