ஆடும் பல்லை நூல் கட்டிப் பிடுங்கலாமா, தானாக விழட்டும் என்று விடலாமா?

கோபி அம்மா:
மகளுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆடுகிறது, அது விழுவதற்குள்ளேயே நாக்குப் பக்கம் புதுப் பல் எட்டிப் பார்க்கிறது. நூல் கட்டி ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம், விட்டால் தெத்துப்பல் ஆகிவிடும் என்கிறார் என் மாமியார். பாப்பா நூலைப் பார்த்தாலே அழுகிறாள். என்ன செய்யட்டுங்க?

காங்கேயத்தான்:
பெரியவங்க பேச்சைக் கேளுங்க அம்மிணி. எங்க வீட்டில் எல்லோருக்கும் அப்பாருதான் நூல் கட்டி எடுத்தார், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், அப்புறம் பல்லைச் சாணியில் பொதிந்து ஓட்டு மேலே எறிந்துவிட்டு ஆளாளுக்கு விளையாடப் போய்விடுவோம். இதற்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் உட்காருவதா? பல் ரெட்டை வரிசையாக நின்றால் நாளைக்குக் கம்பி போடுகிற செலவு உங்களுக்குத்தான்.

பெருந்துறை நர்ஸ்:
அண்ணா, இதை ஒத்துக்கொள்ள முடியவில்லைங்க. கீழே இருந்து நிலைப்பல் மேலே வர வர, பால்பல்லின் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், முழுக்கக் கரைந்ததும் பல் தானாகக் கழன்று வரும். வேர் மிச்சம் இருக்கும்போது நூலால் இழுத்தால் வேர் முறிந்து உள்ளேயே தங்கலாம், ஈறு கிழிந்து ரத்தம் நிற்காமல் வரலாம். பின்னாடி புதுப் பல் முளைப்பது கீழ் முன்பற்களில் அடிக்கடி நடப்பதுதான், பால்பல் விழுந்ததும் பெரும்பாலும் நாக்கே அதை முன்னால் தள்ளிக் கொண்டுவரும்.

காங்கேயத்தான்:
சரிங்க, விட்டுவிடுகிறோம். குழந்தை சோறு சாப்பிடாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ராத்திரி அந்தப் பல்லை விழுங்கிவிட்டால்?

பெருந்துறை நர்ஸ்:
விழுங்கினால் மலத்தோடு போய்விடும், அதற்குப் பயம் வேண்டாம். அப்படியே இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் மட்டும் உடனே ஓட வேண்டும். சாப்பாட்டுக்கு இட்லி, ராகிக் களி, மோர்ச் சோறு என்று மெதுவானதைக் கொடுங்க, முறுக்கும் கரும்பும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். கையைக் கழுவிக்கொண்டு அவளே நாக்காலும் விரலாலும் ஆட்டட்டும், அவள் ஆட்டினால் எவ்வளவு வலி பொறுக்கலாம் என்று அவளுக்கே தெரியும். விழுந்ததும் சுத்தமான துணியை மடித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் கடிக்கச் சொல்லுங்க. புதுப் பல் வந்து இரண்டு மாதம் ஆகியும் பால்பல் அசையாமல் நின்றால், அப்போது பல் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். ஈரோடு அரசு மருத்துவமனையிலேயே பல் பிரிவு இருக்கிறது.

பொள்ளாச்சி அப்பா:
நடுவில் வருகிறேன். ஆட்டம் பல்லோடு முடிகிற விஷயம் இல்லைங்க, அழுகிற பிள்ளையை நாலு பேர் பிடித்துக்கொண்டு இழுத்தால் அதற்குப் பிறகு யார் வாயைத் திற என்றாலும் திறக்காது. என் பையன் விஷயத்தில் அதைத்தான் பார்த்தேன், எங்க ஒறம்பரை ஒருத்தர் செய்த வேலை அது. இன்னொன்று, ஆறு வயதில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிலைப்பல். பால்பல்தானே, விழத்தானே போகிறது என்று விட்டுச் சொத்தையாக்கிவிடுகிறார்கள். பின்வரிசை வரை துலக்கவையுங்க.

காங்கேயத்தான்:
பின்வரிசை விஷயம் எனக்குப் புதுசுங்க, பேத்திக்குப் பார்க்கிறேன். ஆனால் ஒட்டிக்கொண்டு தொங்குகிற பல்லைத் துணி வைத்து ஒரு திருப்புத் திருப்பி எடுப்பதை நான் விடமாட்டேன்.

பெருந்துறை நர்ஸ்:
தொங்குகிற பல் என்றால், பிள்ளையும் சரி என்றால், நானும் தடுக்க மாட்டேன் அண்ணா. ஆட்டமே இல்லாத பல்லில் கை வைக்காதீங்க, அவ்வளவுதான்.

கோபி அம்மா:
நூலை ஒளித்துவைத்துவிட்டேங்க. பல் விழுந்தால் ஓட்டு மேலே எறியும் வேலை மட்டும் மாமியாருடையது என்று பேசி முடித்திருக்கிறோம், பாப்பாவுக்கும் அதில் சந்தோஷம்தான்.